விரத நாட் சைவமும் வாழ்நாட் சைவமும்

நம் கல்லூரி விடுதியில் வாழ்ந்தவர் எவர்க்கும் அச்சமையற்கூடத்தின் மணம் மறவாது. பருப்பும் பூசணியும் கத்தரிக்காய்க் குழம்பும் வேகும் மணம், ஈரவிறகின் புகையோடு கலந்து, மாலைப் பிரார்த்தனை முடியுமுன்னரே வந்து நாசியை எட்டும். மணி அடித்ததும் தட்டேந்தி வரிசையில் நின்ற மாணவருட் பெரும்பாலார் தத்தம் வீடுகளில் மீனும் நண்டும் உண்டு வளர்ந்தவரே. விடுதியிலோ மரக்கறியன்றிப் பிறிதில்லை. 1968ஆம் ஆண்டு முதல் 1974ஆம் ஆண்டு வரை அவ்வுணவையே உண்டு, உதைபந்தாடி, பரீட்சைக்குப் படித்து, நோயின்றி வெளியேறினோம் யாம். ஆதலின், பின்னாளிற் புலாலை முற்றாக விடுத்தபோது, ‘இஃது எமக்குப் புதியதன்று’ என்றே எண்ணினோம். அவ்வெண்ணம் பிழையென்பதை நான்கு ஆண்டுகளின் பின் எம் கால்கள் எமக்கு உணர்த்தின. அது நிகழ்ந்தவாற்றையும், அதனால் யாம் கற்றவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம்.

நம் நாட்டுத் தமிழிற் ‘சைவம்’ என்னும் சொல் சமயத்தையும் குறிக்கும். மீனும் இறைச்சியும் முட்டையும் கலவாத உணவையும் குறிக்கும். ‘இன்றைக்கு வீட்டிற் சைவம்’ என்றாற் பொருள் விளங்காதார் யாழ்ப்பாணத்தில் இல்லை. அதற்கு மாறானது ‘மச்சம்’. மச்சமென்பது மீனுக்குப் பெயராயினும் ஆட்டிறைச்சியும் கோழிமுட்டையும் நம்மவர் வழக்கில் அதனுள் அடங்கிவிடும். திருக்குறளில் இருபத்தாறாம் அதிகாரம் புலால் மறுத்தலைப் பற்றியது. நாவலர் பெருமானும் (1822–1879) அதனைச் சைவ ஒழுக்கத்தின் இன்றியமையாத பகுதியாக வற்புறுத்தினார். இத்துணை நெடிய மரபிருந்தும் நம்முள் மிகப் பலர் நாட்களை எண்ணியே சைவராய் இருக்கின்றோம். செவ்வாயும் வெள்ளியும் சைவம். கந்தசட்டி 6 நாளும் சைவம். கேதாரகௌரி விரதம் 21 நாளும் சைவம். நல்லூரிற் கொடியேறினால் 25 நாளும் சைவம். அந்நாட்கள் கழிந்த மறுநாட் காலையில் மீன்சந்தையில் நெருங்கி நிற்போரும் நாமே. இதனைக் குறையாகச் சொல்லுகின்றோமல்லோம். யாமும் ஐம்பத்தைந்து வயதுவரை அங்ஙனம் நின்றவரே.

இவ்வழக்கத்தினால் நம் வீடுகளில் நன்கு வளர்ந்திருப்பது விரத நாட் சமையல். இரண்டு மரக்கறி, ஒரு சொதி, ஒரு பொரியல், அப்பளம், மோர்மிளகாய், வெள்ளைச் சோறு. சுவையில் அதற்கு நிகரில்லை. ஆயின், அதன் நோக்கம் ஒரு நாளைத் தூய்மையாகக் கழிப்பதேயன்றி, உடலுக்கு வேண்டியனவற்றை ஆண்டு முழுவதும் தருவதன்று. அதிற் குறையிருந்தால் மறுநாள் வரும் மீன் நிரப்பிவிடும். வாழ்நாள் முழுவதும் மச்சத்தை விடுபவர்க்கு அந்த மறுநாள் இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமலே பலர் விரத நாட் சமையலை ஆண்டு முழுவதற்கும் நீட்டிவிடுகின்றனர். யாம் செய்த பிழையும் இதுவே.

எம் அன்னையார் 2011ஆம் ஆண்டிற் காலமானார். அந்தியேட்டி வரை வீட்டிற் சைவம். அதன்பின் மற்றையோர் பழைய வழக்கத்துக்குத் திரும்ப, யாம் மட்டும் ஆட்டைத் திவசம் வரை இருப்பதென்று தீர்மானித்தோம். ஓராண்டு கழிந்தது. திவசத்துக்கு மறுநாள் அறக்குளா வாங்கிவந்து கறி காய்ச்சினார்கள். இலையில் இட்ட துண்டை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, வேண்டாமென்று எழுந்தோம். அதற்குக் காரணம் அன்னையார்மேல் வைத்த அன்போ, உயிர்க்கொலையின்மேல் ஏற்பட்ட வெறுப்போ, இரண்டும் கலந்ததோ என்று எம்மாற் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புலால் விடுவோர் பலரிடமும் இங்ஙனம் காரணங்கள் கலந்தே இருக்கும் என்று தோன்றுகின்றது.

ஓராண்டு பழகியபின் வாழ்நாள் முழுவதற்கும் பழகுதல் எளிதென நினைப்பீர்கள். அன்று. முடிவு தெரிந்த ஓராண்டை மனம் பொறுத்துக்கொள்ளும். முடிவில்லாதது என்று தெரிந்ததும் முரண்டு பிடிக்கும். முதலில் வந்தது பசி. மதியம் வயிறு நிறைய உண்டும் நாலு மணிக்குக் கை நடுங்கும். இரவு பத்து மணிக்குப் பாணைத் தேடி அடுக்களைக்குட் செல்வோம். நாளுக்கு நாள் சோற்றுக் குவியல் உயர்ந்தது. ஆறு மாதத்தில் உடல் மெலியவில்லை. மாறாகத் தொந்தி வைத்தது. எமக்கு முன்னரே இருந்த நீரிழிவும் ஏறியது. எம் இல்லாள் ஒரு நாள் பொறுக்கமாட்டாமற் கூறியது இன்றும் எம் காதில் ஒலிக்கின்றது: “இஞ்சாருங்கோ, நீங்கள் மச்சத்தைத்தான் விட்டியள், அந்த இடத்திலை சோத்தையெல்லோ போட்டு நிரப்பிறியள்.”

வைத்தியர் எவரும் இதனினும் தெளிவாகச் சொல்லியிரார். மீனை எடுத்துவிட்டால் இலையில் ஓரிடம் வெறிதாகின்றது. அவ்விடத்தில் எதை வைப்பது என்பதே புலால் விடுவோன் விடை காணவேண்டிய முதல் வினா.

நூறு கிறாம் மீனில் ஏறக்குறைய 20 கிறாம் புரதம் உண்டு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர்க்கு நாளொன்றுக்கு 48 கிறாம் அளவிற் புரதம் வேண்டும். ஆதலின் ஒரு மீன்துண்டு அன்றைய தேவையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தானே தந்துவிடுகின்றது. அதே புரதத்தைப் பருப்பிலிருந்து பெறவேண்டின், வேகவைக்கும் முன் நிறுத்து 80 கிறாமுக்குச் சற்று மேற்பட்ட பருப்பு வேண்டும். நம் வீடுகளில் நால்வர்க்கு ஒரு சுண்டுப் பருப்பில் அரைவாசி போட்டு நீர் விட்டுக் காய்ச்சுகின்றோமே, அதில் ஓரகப்பையில் மூன்று நான்கு கிறாம் புரதம் இருந்தாற் பெரிது. பருப்பு நம் இலையிற் சோற்றை நனைக்கும் குழம்பாகவே இருந்து வந்துள்ளது; அதனை உணவாக நாம் மதித்ததில்லை. பயறு, கடலை, கௌப்பி, உழுந்து, சோயா என்பன எல்லாம் இவ்வகையினவே. காலையிற் கடலையோ பயறோ அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டு உண்பதையும், மதியம் பருப்பைக் கெட்டியாக வைப்பதையும், இரவில் உழுந்து சேர்ந்த தோசையையோ பயறு கலந்த புட்டையோ உண்பதையும் வழக்கமாக்கிய இரண்டாம் வாரத்தில் எம் இரவுப் பசி நின்றது. சோறும் தானாகவே குறைந்தது.

சோற்றிலும் புரதம் இல்லாமலில்லை. ஆயின் புரதம் பல அமினோ அமிலங்களால் ஆயது. அவற்றுள் லைசீன் அரிசியிற் குறைவு. பருப்பு வகையில் லைசீன் மிகுதி; அதிற் குறைவானது மெதியோனீன்; அதுவோ அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்பும் என்பதை அமினோ அமிலம் என்ற சொல் பிறக்குமுன்னரே நம் முன்னோர் அடுப்படியிற் கண்டிருந்தனர். இரண்டையும் ஒரே வேளையிற் கலந்துண்ணல் வேண்டும் என்று முன்னர்க் கூறுவர்; ஒரு நாளின் உணவில் இரண்டும் இருந்தாற் போதும் என்பதே இன்றைய கருத்து.

பருப்பு வகைகளைக் கூட்டியதும் மற்றொரு தொல்லை தொடங்கிற்று. அதனைச் சபையிற் சொல்லல் நாகரிகமன்றெனினும் சொல்லாது விட்டாற் கட்டுரை முழுமை பெறாது. வயிறு பொருமும், காற்றுப் பிரியும். பயறு கடலைகளில் உள்ள றபினோசு, சுத்தக்கியோசு என்னும் வெல்லங்களைச் சமிபாடடையச் செய்யும் நொதியம் மனிதர் குடலில் இல்லை. அவை பெருங்குடலை அடைந்து அங்குள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகி வாயுவைப் பிறப்பிக்கின்றன. முதல்நாளிரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் அவித்தால் அவ்வெல்லங்களில் ஒரு பகுதி நீங்கும். முளைகட்டினால் மேலும் குறையும். இஞ்சியும் உள்ளியும் பெருங்காயமும் நம் வீட்டு மருந்துகள். சிறிதளவிற் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுதல் யாவற்றினும் நன்று. ஏனெனின் குடலில் வாழும் பற்றீரியாக் கூட்டமே உணவுக்கேற்ப மாறும் இயல்புடையது. உணவை முற்றாக மாற்றிய சில நாட்களிலேயே அம்மாற்றம் தொடங்கிவிடுவதை 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஓராய்வு காட்டிற்று. எமக்கு ஒன்றரை மாதத்தில் வயிறு அடங்கிற்று. இளைஞர்க்கு இன்னும் விரைவில் அடங்கக் கூடும்.

இனிச் சுவை. மீனுண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவனுக்கு அதனை மறத்தல் எளிதெனச் சொல்பவர் விளைமீன் குழம்பை மறுநாட் காலையிற் பழஞ்சோற்றோடு உண்டறியாதவராக இருத்தல் வேண்டும். யாம் முதலில் ஏங்கியது மீனுக்கென்றே நினைத்தோம். ஏக்கத்தைப் பகுத்துப் பார்த்தபோதுதான், அதிற் பெரும்பகுதி மீனுக்கன்று, அக்குழம்புக்கே என்பது விளங்கிற்று. வறுத்திடித்த மிளகாய்த்தூள், பழப்புளி, வெந்தயம், கறிவேப்பிலை, முதற்பால் இவை ஐந்தும் சேர்ந்த உறைப்பும் புளிப்பும் கொழுப்புமே அது. மீனுக்காக அரைத்துக் கூட்டிய அதே கூட்டில் வாழைக்காயையோ பொரித்த கத்தரிக்காயையோ இட்டுக் காய்ச்சினால் ஏக்கத்தில் முக்காற் பங்கு தீர்ந்துவிடுகின்றது. இளம் பிலாக்காயை இறைச்சிக் கறிபோற் சரக்குப் போட்டு வைத்தால் விருந்தினர் இருமுறை கேட்டு வாங்குவர். காளானும் நன்று. ‘சோயாமீற்’ என்று பைகளில் விற்பது புரதத்தில் உயர்ந்ததுதான். அப்பையினுள் வரும் சுவைத்தூளில் உப்பு மிகுதியாதலால் அதனை எறிந்துவிட்டு வீட்டுத்தூளிற் சமைத்தல் வேண்டும். ஒடியற்கூழ் மட்டும் எமக்கு இன்றும் தீராக் குறையே. மீனும் நண்டும் இறாலும் இன்றி, பயற்றங்காயும் பிலாக்கொட்டையும் மரவள்ளியும் இட்டுச் சைவக் கூழ் காய்ச்சுகின்றனர். அது நல்ல கூழ்தான், அந்தக் கூழன்று.

இங்கு ஓருண்மையை ஒளியாது கூறல் வேண்டும். சங்கற்பம் செய்பவர் ஆண்களாயும், ஊறவைத்து அரைத்து இரண்டு அடுப்பிற் சமைப்பவர் பெண்களாயும் இருப்பதே நம் வீடுகளில் வழக்கம். மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு, அகப்பை வேறு. அவ்வளவும் கழுவுதல் எவர் பொறுப்பு? எம் சைவத்தின் புண்ணியத்திற் பாதியாவது எம் இல்லாளின் கணக்கிற் சேர்தல் வேண்டும் என்று அறிந்தபின், பயறு ஊறவைத்தலையும் தேங்காய் துருவுதலையும் யாமே ஏற்றோம். இரண்டாம் ஆண்டு முதல் எம் சட்டிகளையும் யாமே கழுவுகின்றோம்.

வெளியூரில் உண்பதில் விழிப்பு வேண்டும். கொழும்பிலே தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசி கலந்திருத்தல் பெருவழக்கு. கீரைச் சுண்டலிலும் சிலவிடத்து இருக்கும். ‘மீன் இல்லை’ என்பார்கள்; மாசியை மீனென்று அவர்கள் எண்ணுவதில்லை. பொய் சொல்கின்றார்கள் என்று சினப்பதிற் பயனில்லை. ‘மாசி உண்டோ’ என்றே கேட்டல் வேண்டும். மேனாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்க்கு வேறு வகை. அங்கே முட்டையும் பாலும் மரக்கறியுணவோடு சேர்த்தெண்ணப்படுகின்றன. சில பாற்கட்டிகளை உறையச் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பர். இனிப்புக்களிற் சேரும் செலற்றின் விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து வருவது. உறையை வாசியாமல் வாங்கலாகாது.

இனி, எம் கால்களின் கதைக்கு வருவோம்.

நான்காம் ஆண்டாகிய 2016ஆம் ஆண்டின் இறுதியிற் பாதங்களில் எறும்பூர்வது போன்ற உணர்ச்சி தோன்றிற்று. பின்னர் விறைப்பு. செருப்புக் கழன்று விழுந்ததை அறியாமற் கோயில் வீதியிற் பத்தடி நடந்திருக்கின்றோம். இருளிற் கிணற்றடிக்குப் போனாற் கால் எங்கே பதிகின்றதென்று தெரியாமல் தள்ளாடினோம். நன்கறிந்தவர் பெயர்கள் நாவில் வர மறுத்தன. முதுமை என்று எண்ணினோம். நாடிய முதல் மருத்துவர் நீரிழிவினால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று கூறி மாத்திரைகள் தந்தார். அஃது இயல்பான எண்ணமே. ஆயினும் எம் உணவு யாதென்று அவர் கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை. நான்கு மாதம் வீணாயிற்று. பின்னர்ச் சந்தித்த இளம் மருத்துவர் ஒருவர் முதலிற் கேட்ட கேள்வியே, “ஐயா, மச்சம் சாப்பிடுறனீங்களோ?” என்பது. அடுத்தது, “பால்?” பாலும் இல்லை. குருதியிற் கொழுப்பு மிகுமென்று அஞ்சிப் பாலையும், சளி பிடிக்குமென்று தயிரையும் விட்டிருந்தோம். வெறுந்தேநீரே எம் பானம். குருதியைப் பரிசோதித்தபோது விற்றமின் பீ 12 மிகவும் குறைந்திருந்தது.

இவ்விற்றமினை எந்தத் தாவரமும் ஆக்குவதில்லை. எந்த விலங்கும் ஆக்குவதில்லை. சில நுண்ணுயிர்கள் மட்டுமே ஆக்குகின்றன. மாட்டின் வயிற்றில் வாழும் அந்நுண்ணுயிர்கள் ஆக்கியது அதன் இறைச்சியையும் பாலையும் அடைகின்றது. கடலில் நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்கின்றது. கீரையும் பருப்பும் பழமும் எத்துணை உண்டாலும் அதிற் கிடைப்பதில்லை. புளித்த தோசைமாவில் உண்டென்று கூறுவாரும் உளர். அதனை நம்பியிருத்தல் தகாது. இது முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்டது 1948ஆம் ஆண்டில். இதன் அமைப்பை 1956இற் கண்டுணர்த்திய டொரதி ஹொட்ஜ்கின் அம்மையார் 1964இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றார். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 2.4 மைக்கிறோ கிறாம். அஃதாவது, ஒரு கிறாமைப் பத்துலட்சமாகப் பகுத்து அவற்றுள் இரண்டரைப் பங்கு. கண்ணுக்குத் தெரியாத இவ்வளவு குறைந்தால் குருதிக்கலங்கள் செவ்வனே ஆகா; நரம்பைச் சுற்றியுள்ள உறையும் பழுதடையும்.

இதில் ஏமாற்றம் இருவகை. முதலாவது, ஈரலிற் சேமிப்பு உண்டு. அது சில ஆண்டுகளுக்குப் போதும். ஆதலின் மச்சம் விட்டவன் முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் நலமாகவே இருப்பான். ‘எனக்கொன்றும் இல்லையே’ என்று பிறர்க்கும் போதிப்பான். யாமும் போதித்தோம். சேமிப்புத் தீர்ந்தபின் வரும் நோயை உணவோடு தொடர்புபடுத்த எவர்க்கும் தோன்றாது. இரண்டாவது, கீரையும் பருப்பும் மிகுதியாக உண்பவர் உடலிற் போலிக்கமிலம் நிறைய இருக்கும். அது குருதிச்சோகையை வெளிக்காட்டாமல் மறைத்துவிடக் கூடும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டேயிருக்கும். நல்லுணவே நோயை மறைக்கும் திரையாகின்றது. இவற்றோடு, வயது ஐம்பதைக் கடந்தோர் பலர்க்கு இரைப்பை அமிலம் குறைவதால் உணவிலுள்ள பீ 12ஐப் பிரித்தெடுக்கும் திறன் குறைகின்றது. நீரிழிவுக்கு உண்ணும் மெற்போமின் மாத்திரையும், நெடுங்காலம் உண்ணும் அமிலந் தணிக்கும் மாத்திரைகளும் அவ்வுறிஞ்சலைக் குறைக்க வல்லன. எம்மிடத்தில் வயதும் மெற்போமினும் பாலின்மையும் ஒருங்கு கூடியிருந்தன.

அப்பொழுதுதான் விடுதியின் இரகசியம் எமக்கு வெளித்தது. அங்கே இரவுதோறும் படிப்பு முடிந்தபின் ஒரு குவளை பால் தந்தார்கள். ஞாயிறு மதியம் தயிர். மாதமொருமுறை வீட்டுக்குப் போனால் அம்மா காய்ச்சிய மீன்குழம்பு. 250 மில்லிலீற்றர்ப் பாலில் ஏறக்குறைய 1 மைக்கிறோ கிறாம் பீ 12 உண்டு. எம்மைக் காத்தது பூசணிக்காயன்று. வரிசையில் நின்று வாங்க அலுத்து, சில நாள் பக்கத்துக் கட்டிற் பையனுக்குக் கொடுத்துவிட்ட அந்தப் பாலே.

பாலையும் விட முயன்று மீண்டவர்களுட் காந்தியடிகளின் கதை யாவரும் அறியத்தக்கது. 1888இல் இலண்டன் சென்ற இளைஞர், தாய்க்கு அளித்த வாக்குக்காக ஊனுணவை விலக்கி, உப்புச்சப்பற்ற அவித்த காய்களோடு அரைப்பட்டினி கிடந்தார். பரிங்டன் வீதியில் ஒரு மரக்கறியுணவுச் சாலையைக் கண்டபின்னரே வயிறார உண்டார். அங்கே வாங்கிய ஒரு நூலைப் படித்த பின்பு வாக்குக்காகக் காத்த நோன்பைத் தம் கொள்கையாகவே ஏற்றார். 1912இல் தென்னாபிரிக்காவிற் பாலையும் விட்டார். 1918இற் கடும் வயிற்றுளைவினால் எலும்புந்தோலுமாகிப் படுத்தபோது மருத்துவர் பாலருந்தச் சொல்ல, விரதம் மறுக்கச் சொல்லிற்று. விரதமெடுத்த வேளையில் மனத்திலிருந்தவை பசுவும் எருமையுமே என்ற வாதத்தைக் கஸ்தூரிபாய் எடுத்துரைக்க, ஆட்டுப்பாலை ஏற்று உடல் தேறினார். விரதத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டதாகப் பின்னர்த் தம்மையே நொந்தெழுதினார். 1927ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்துக்கு அவர் வந்தபோது ஆட்டுப்பால் அருந்துபவராகவே வந்தார். அவர் நோய்க்குக் காரணம் பீ 12 குறைவென்று யாம் சொல்லவில்லை. அவர்க்குப் பாலல்லாது வேறு வழியிருக்கவில்லை என்பதே கருதத்தக்கது. இன்று உண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டே ஆக்கிய பீ 12 மாத்திரையாகவும் ஊசிமருந்தாகவும் கிடைக்கின்றது. மேனாடுகளில் விற்கும் சோயாப்பால் பலவற்றில் அதனைச் சேர்த்துமிருப்பர். பாலையும் விடத் துணிபவர் அதனை மருந்தென்று வெறுக்காமல் உணவின் ஒரு பகுதியாகக் கொள்ளல் வேண்டும். முட்டையையும் மச்சமென விலக்கும் நம்மவர்க்கு இயற்கையாக எஞ்சியிருக்கும் ஒரே வழி பால், தயிர், மோர் என்பனவே. அதனையும் அடைப்பவர் அடைக்கும்போதே மாற்று வழியைத் திறத்தல் வேண்டும்.

மற்றைச் சத்துக்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். தாவரங்களிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ உடன் சேர்ந்தால் மிகுதியாக ஏற்கும். உணவோடு அருந்தும் தேநீர் அதனைப் பாதிக்கு மேற் குறைத்துவிடும். சோறுண்ட கையோடு தேநீர் கேட்கும் நம் வழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்தல் வேண்டும். முருங்கையிலை வறையில் தேசிக்காய் பிழிதல் நம் பழைய வழக்கமே. சிறுமீனின் முள்ளாற் கிடைத்த கல்சியத்துக்குக் குரக்கனும் எள்ளும் பாலும் ஈடாகும். கடல்மீனிற் கிடைத்த அயடீனுக்கு அயடீனிட்ட உப்பு உண்டு. இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் உணவு உப்பில் அதனைச் சேர்த்தல் சட்டமாயிற்று. மீனெண்ணெயில் உள்ள ஒமேகா கொழுப்புக்கு மட்டும் நேரான ஈடு நம் தோட்டத்தில் இல்லை. ஆளிவிதை முதலியவற்றில் உள்ளதை உடல் சிறிதளவே மாற்றிக்கொள்ளும்.

இன்று கல்லூரியிற் படிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். உங்களுள் எவரேனும் புலாலை விட விரும்பினால் அதனை நகைக்க மாட்டோம், தடுக்கவும் மாட்டோம். வளரும் பருவத்தில், ஓடியாடும் உடலுக்கு, மீனை மட்டும் எடுத்துவிட்டுச் சோற்றையும் சொதியையும் வைத்திருத்தல் போதாது என்பதை அம்மாவிடம் கூறுங்கள். பயறு ஊறவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பாற்குவளையைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடாதீர்கள். வீட்டில் மற்றவர் உண்ணும் மீனைக் கண்டு முகஞ்சுளிக்கவும் வேண்டா. யாம் ஓராண்டு அங்ஙனம் சுளித்து, இருந்த நண்பரில் இருவரை இழக்கத் தெரிந்தோம். பழைய மாணவருள் ஐம்பதைக் கடந்து மச்சம் விட்டோர் ஆண்டுக்கொருமுறை பீ 12 அளவைப் பார்ப்பிக்க வேண்டும். மருத்துவர் கேளாவிடினும் தம் உணவு இன்னதென்று தாமே சொல்லல் வேண்டும்.

எமக்குத் தொடக்கத்தில் ஒன்றுவிட்டொரு நாள் ஊசியேற்றினார்கள். இப்போது மூன்று மாதத்துக்கொரு முறை. பெயர்கள் நாவுக்குத் திரும்பின. தள்ளாட்டமும் நின்றது. இடப்பாதத்துப் பெருவிரலில் விறைப்பு மட்டும் இன்னும் இருக்கின்றது. காலந்தாழ்த்தியதால் அது நீங்காதென்றே மருத்துவர் சொல்லுகின்றார். இரவில் ஒரு குவளை பால் அருந்துகின்றோம். எம் வீட்டு மச்சச் சட்டி அடுக்களைப் பின்தட்டில் கவிழ்த்தபடி இருக்கும். பேரப்பிள்ளைகள் வரும் விடுமுறையில் எம் இல்லாள் அதனை இறக்குவார், யாம் எழுந்து முற்றத்துக்குப் போய் அவர்கள் உண்டு முடியும்வரை பத்திரிகை வாசிப்போம்.